கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியருக்கு வெளிநாட்டுப் பயணம் தேவைதானா?

கேள்வி: கிருஷ்ணகிரி வாசகர், 8 ஜூன் 2025

என் மகள் இளங்கலை வரலாறு படிக்கிறாள். அவளுக்குக் கலை வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் சிலர் விடுமுறையில் சொந்தச் செலவில் கிரேக்கத்துக்கும் கம்போடியாவுக்கும் போய் வந்திருக்கிறார்கள். இப்படிப் போகிறவர்களுக்கு அரசு நிதி தர வேண்டும் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் தம் சேகரிப்பைத் துல்லியமான படங்களாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும்போது, ஆசிரியர் நேரில் போய்ப் பார்ப்பதால் மாணவருக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? அதே பணத்தில் வகுப்பு முழுவதையும் மாமல்லபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் அழைத்துச் செல்லலாமே.

8 ஜூன் 2025, இரவு

ஐயா, நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். கலை வரலாற்றுத் தாள் நெடுங்காலமாக என் பொறுப்பில் இருக்கிறது. அந்த இரண்டு நாடுகளுக்கும் போய் வந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. மாணவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதையும் ஆசிரியரின் பயணத்தையும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்துவதை ஏற்க முடியவில்லை.

அங்கோர் வாட்டின் புடைப்புச் சிற்பங்களைப் படங்களில் பார்த்தே நான் பல ஆண்டுகள் பாடம் எடுத்தேன். 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் கட்டுவித்த அந்தக் கோயில் மேற்கு நோக்கியது. மேற்கு வாயிலில் நுழைந்ததும், கோயிலுக்குள் வலம் வந்தே பழகிய கால்கள் தாமாக இடப்பக்கம் திரும்பின. முதலில் இலங்கைப் போர் வந்தது. சுற்றுமண்டபத்தில் நடக்க நடக்க, காட்சிகள் எனக்கு எதிர்த்திசையில் செல்வதை உணர்ந்தேன். வலப்பக்கம் திரும்பிக் குருச்சேத்திரப் போரிலிருந்து தொடங்கி, கருவறை இடக்கைப் பக்கமாக இருக்கும்படி சுற்றினால்தான் சிற்பங்கள் உரிய வரிசையில் அமைகின்றன என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். மேற்கு நோக்கிய வாயிலையும் இந்த இடச்சுற்றையும் சான்றாகக் கொண்டு, அது மன்னனின் ஈமக் கோயிலாகவும் இருந்திருக்கலாம் என்று வாதிட்டவர்களும் உண்டு. இதை நான் முன்பே படித்திருந்தேன், வகுப்பில் சொல்லியும் இருந்தேன். ஆனால் வலம் வந்து பழகிய ஒருவனுக்கு அந்தச் சுற்று எவ்வளவு அந்நியமாக இருக்கும் என்பதை நடந்த பிறகே அறிந்தேன்.

பாற்கடல் கடையும் காட்சியைச் சொல்கிறேன். அது ஏறத்தாழ 49 மீட்டர் நீளம் கொண்டது. பாடநூலில் அது நடுவில் உள்ள திருமாலின் உருவமாகச் சுருங்கிவிடுகிறது. நேரில் அசுரர் வரிசையைக் கடந்து முடிப்பதற்குள், கயிற்றைப் பிடித்த கைகளும் சாய்ந்த உடல்களும் மீண்டும் மீண்டும் வந்து, இழுப்பின் விசை நம் நடையிலேயே ஏறிவிடுகிறது. திருமாலை அடையும்போது நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். அந்தத் தூரத்தையும் சிற்பி திட்டமிட்டே அமைத்திருக்கிறான். அளவு, உயரம், ஒளி வரும் பக்கம், நிற்கும் இடம், நடக்கும் திசை ஆகியவற்றை எவ்வளவு துல்லியமான படமும் தருவதில்லை. ஆசிரியர் அவற்றை அறிந்திருந்தால்தான் மாணவரிடம் அவற்றைப் பற்றிக் கேட்க முடியும்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு அதியமான்கோட்டைச் சென்னராயப் பெருமாள் கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, விதானத்து ஓவியங்களில் எது இராமாயணம், எது மகாபாரதம் என்று நான் முதலில் சொல்வதில்லை. எங்கே நின்றால் எந்தக் காட்சி நேராகத் தெரிகிறது, கதை எந்தத் திசையில் நகர்கிறது, அண்ணாந்து பார்ப்பவரின் முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஓவியர் எண்ணியிருப்பார் என்று கேட்கிறேன்.

9 ஜூன் 2025

ஓசூர் நண்பர் ஒருவர், கம்போடியாவை விட்டுவிடுங்கள், அங்கே இருப்பது நம் கதைகள், கிரேக்கம் எதற்கு என்று கேட்டிருக்கிறார். நடுகற்களுக்காகத்தான் போனேன் என்பது என் பதில்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் செங்கம் பகுதியும் தமிழ்நாட்டு நடுகற்களின் தாயகம். பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் முதல் விசயநகர காலத்துக் கற்கள் வரை வயலிலும் ஏரிக்கரையிலும் ஊர்ப்புறத்திலும் கிடைத்திருக்கின்றன. காவேரிப்பட்டினத்தை அடுத்த பெண்ணேசுவரமடத்தில் கோயிலைச் சுற்றியே வரிசையாகப் பார்க்கலாம். இவற்றை நம் மாணவர்கள் குழந்தைப் பருவத்திலிருந்து பார்த்து வருவதால் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். வேறொரு நாட்டின் போர்வீரன் கல்லைப் பக்கத்தில் வைத்தால் கண் திறக்கும் என்ற எண்ணத்தில்தான் ஏதென்சில் கெரமெய்க்கோஸ் என்னும் பழைய இடுகாட்டைத் தேடிப் போனேன்.

அங்கே டெக்சிலியோஸ் என்ற இளைஞனின் கல் இருக்கிறது. அவன் கி.மு. 394-இல் கொரிந்தில் நடந்த போரில் இறந்த குதிரை வீரன். ஏதென்சில் ஆண்டுக்கொருவராக வந்த ஆட்சியரின் பெயராலேயே ஆண்டைக் குறித்தார்கள்; அவன் எந்த ஆட்சியரின் ஆண்டில் பிறந்தான், எந்த ஆட்சியரின் ஆண்டில் இறந்தான் என்று கல்லின் அடியில் எழுதியிருக்கிறது. கணக்கிட்டால் இருபது வயது அளவில் இறந்திருக்கிறான். நம் பல்லவர் காலக் கல்லும் ஆண்டைச் சொல்லும், ஆனால் அது மன்னனின் ஆட்சியாண்டு. இறந்தவன் யாருடைய சேவகன், எந்தப் பூசலில், எந்த ஆநிரைக்காகப் பட்டான் என்று சொல்லும். அவன் பிறந்த ஆண்டு நம் கல்லுக்குத் தேவைப்படவில்லை.

உருவத்தில் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரியது. டெக்சிலியோசின் குதிரை முன்கால்களைத் தூக்கி நிற்க, அவன் கீழே விழுந்த பகைவனைக் குத்த ஈட்டியை ஓங்குகிறான். இறந்தவனின் கல்லில் இறப்பே இல்லை. நம் கற்கள் சிலவற்றில் வீரனின் உடலில் அம்புகள் தைத்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்; அவன் அப்போதும் வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறான், காலருகே அவன் மீட்ட மாடுகள் நிற்கின்றன. ஒரு சமூகம் வெற்றியின் கணத்தைத் தேர்ந்தெடுத்தது. இன்னொன்று பட்ட கணத்தையே பெருமையாகத் தேர்ந்தெடுத்தது. இந்த ஒப்பீட்டை வகுப்பில் வைத்த நாளில் மாணவர்கள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊர்க் கல்லில் அம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள், சிலர் பார்த்து வரைந்தும் வந்தார்கள்.

டெக்சிலியோசின் கல்லில் சிறு துளைகள் இருக்கின்றன. கடிவாளமும் ஆயுதமும் வெண்கலத்தால் தனியே செய்து பொருத்தப்பட்டிருந்தன. வெண்கலம் போய்விட்டது, துளைகள் மிஞ்சின. நேரில் பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் அவற்றின் ஆழமும் எண்ணிக்கையும் எனக்குப் புலப்பட்டன.

9 ஜூன் 2025, சற்று நேரம் கழித்து

ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூலக்கல் கெரமெய்க்கோசின் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அதன் படி ஒன்றை, பழைய கல் நின்ற அதே பாதையோரத்தில், அதே உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நம் நடுகற்களைப் பாதுகாப்புக்காக அருங்காட்சியகங்களுக்குக் கொண்டு வருகிறோம். அது தேவையான வேலை. ஆனால் நான் பார்த்த இடங்களில், கல் நின்ற வயலில் அது நின்றதற்கான அடையாளம் ஏதும் மிஞ்சவில்லை. கல் எந்தத் திசை நோக்கி நின்றது, எந்த ஏரியைப் பார்த்தது, எந்த வழியில் வந்தவர் அதை முதலில் கண்டார் என்பதெல்லாம் அதோடு போய்விடுகிறது.

12 ஜூன் 2025

கல்லின் தன்மை பற்றிப் பர்கூர் அன்பர் கேட்டதற்கு இது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. என் வகுப்பில் கல் அறுக்கும் பட்டறைகளிலிருந்தும் மெருகேற்றும் கூடங்களிலிருந்தும் வருகிற பிள்ளைகள் எப்போதும் இருக்கிறார்கள். பார்த்தெனான் கோயிலின் சிற்பங்களைப் பற்றிப் பேசும்போது, அது ஏதென்சுக்கு அருகிலுள்ள பெந்தெலிக்கோன் மலையின் சலவைக்கல் என்று சொல்லி, ஆடையின் மடிப்புகள் எவ்வளவு ஆழமாகக் குடையப்பட்டிருக்கின்றன என்பதை என் விரலின் அளவைக் காட்டி விளக்கினேன். அதுவரை கடைசி வரிசையில் பேசாமல் இருந்த ஒரு மாணவர், "சார், மார்பிளை ஆணியால் கீறலாம், கிரானைட்டில் ஆணிதான் தேயும்" என்றார். மறுநாள் பட்டறையிலிருந்து இரண்டு துண்டுகளைக் கொண்டு வந்து எல்லார் முன்னிலையிலும் கீறிக் காட்டினார்.

கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் சலவைக்கல்லின் கால்சைட் 3. கிரானைட்டில் உள்ள பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. நம் ஊர் நடுகல்லில் உருவம் பலகையிலிருந்து சற்றே எழுந்து நிற்பதற்கும், ஏதென்சில் குதிரையின் கால் கல்லிலிருந்து ஏறக்குறையப் பிரிந்து நிற்பதற்கும் இந்த எண்கள் ஒரு காரணம். நம் சிற்பிக்குத் திறமை குறைவு என்று மேலோட்டமாகத் தோன்றக்கூடிய இடத்தில், அவன் கையாண்ட கல் எத்தகையது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை எழுப்பியவர் கல்லோடு வாழும் குடும்பத்துப் பிள்ளை. அந்த மடிப்புகளின் முன் நான் நின்றிராவிட்டால் ஆழத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். அவரும் பேசியிருக்க மாட்டார்.

13 ஜூன் 2025

வேலூர்க் கோட்டையின் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தைச் சுட்டியவருக்கு நன்றி. கருங்கல்லிலேயே யாளியும் குதிரை வீரனும் அங்கே தூணிலிருந்து விடுபட்டுப் பாய்கின்றன. எனவே கல்லின் கடினம் மட்டுமே விடையாகாது. எவ்வளவு காலமும் எவ்வளவு பொருளும் ஒரு வேலைக்குக் கொடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேரரசின் மண்டபத்துக்குக் கிடைத்தது ஊரார் நட்ட கல்லுக்குக் கிடைத்திருக்காது. ஹளேபீடு இதற்கு அடுத்த பாடம்: போசளர் அங்கே மென்மையான மாக்கல்லைத் தேர்ந்ததால் நகைகளின் மணிகளைக்கூடத் தனித்தனியே செதுக்க முடிந்தது. பெங்களூரைத் தாண்டிப் போனால் எட்டிவிடும் இடம்; இதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

15 ஜூன் 2025

ஓசூர் நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார், இம்முறை வலுவான வாதத்தோடு. மேலைக் கலை வரலாற்றின் தந்தை என்று போற்றப்படும் விங்கெல்மான், 1764-இல் பண்டைக் கலையின் வரலாற்றை எழுதியபோது கிரேக்க மண்ணை மிதித்ததில்லை, பிறகும் மிதிக்கவில்லை. உரோமில் இருந்தபடியே எழுதினார். அப்படியிருக்க, ஓர் இளங்கலை வகுப்பு ஆசிரியர் ஏன் போக வேண்டும் என்பது அவர் கேள்வி.

அவர் சொல்லும் செய்தி உண்மை. ஆனால் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். விங்கெல்மான் உரோமில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை கிரேக்க மூலங்களைப் பார்த்து உரோமர் செய்த படிகள். மண்ணிலும் மழையிலும் வண்ணம் இழந்தவை. உடல் எவ்வளவு வெண்மையோ அவ்வளவு அழகு என்று அவர் எழுதினார். அவருக்குப் பின் வந்த பல தலைமுறையினருக்கு வெண்சலவைக்கல்லே கிரேக்க அழகின் இலக்கணமாகிவிட்டது. ஏதென்சின் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் கன்னியர் சிலைகளின் முன் நின்றால் ஆடையின் ஓரத்திலும் கூந்தலிலும் சிவப்பும் நீலமும் இன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன. கிரேக்கர் தம் சிற்பங்களுக்கு வண்ணம் பூசினார்கள்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் யாரும் வியக்கவில்லை. சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டிய கோபுரங்களின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு, வண்ணம் பூசாத தெய்வ உருவம்தான் விளக்கம் கேட்கும் பொருள். ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் ஏற்கத் தயங்கிய ஒன்றை அவர்கள் ஒரு வாக்கியத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

16 ஜூன் 2025

நேற்று எழுதியதை ஓர் இரவு யோசித்தபின், நண்பரின் வாதத்துக்கு உரிய இடத்தை இன்னும் கொஞ்சம் கொடுக்க விரும்புகிறேன்.

பயணம் செய்ய முடியாதவர்களுக்காகவே உருவான கூடங்கள் உண்டு. இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வார்ப்புக் கூடங்கள் 1873-இல் திறக்கப்பட்டன. உரோமின் திராயான் தூண், மிக்கெலாஞ்சலோவின் தாவீது சிலை போன்றவற்றின் முழு அளவுச் சாந்துப் படிகளை அங்கே நிறுத்தினார்கள். தாவீதின் படி 1857-இல் தஸ்கனி கோமகன் விக்டோரியா அரசிக்கு அளித்தது. சாஞ்சியின் கிழக்குத் தோரண வாயிலையும் 1869-இல் முழு அளவில் படியெடுத்துக் கொண்டு போனார்கள். இத்தாலிக்குப் போக வழியில்லாத கைவினைஞரும் மாணவரும் முழு அளவில் பார்த்துக் கற்க வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது.

அந்த நோக்கம் நமக்கும் பொருந்தும். முழு அளவுப் படி, அளவைக் கற்பிக்கும். ஆழத்தையும் ஓரளவு கற்பிக்கும். இடத்தைக் கற்பிக்காது. எனவே எல்லா ஆசிரியரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தில் சிலர் போய், அளந்து, வரைந்து, குறித்து வந்து, மற்றவர்க்குப் பயன்படும்படி வைத்தால் போதும். நடுகல் கல்வெட்டுகளை மைப்படி எடுக்கக் கற்ற மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒருவர் எடுத்த படியைப் பலர் படிக்கும் முறை நமக்குப் பழக்கமானதே.

19 ஜூன் 2025

பாலக்கோட்டு ஆசிரியை அம்மா பிரான்சுக்குப் போக எண்ணுவதாகவும், லாஸ்கோ குகை ஓவியங்களைப் பார்ப்பதே முதல் ஆசை என்றும் எழுதியிருக்கிறார். அம்மா, மூலக் குகைக்குள் போக முடியாது. 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்தக் குகை, 1963-இல் மூடப்பட்டது. நாள்தோறும் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூச்சுக்காற்று, உடல் வெப்பம், ஈரம், விளக்கொளி ஆகியவை பாசியையும் உப்புப் படிவையும் வளர்த்து, பதினேழாயிரம் ஆண்டுகள் போல நிலைத்திருந்த ஓவியங்களைப் பதினைந்து ஆண்டுகளில் கெடுக்கத் தொடங்கின. 1983-இல் ஒரு படிக்குகையும், 2016-இல் அதைவிட முழுமையான இன்னொன்றும் திறக்கப்பட்டன. நீங்கள் பார்க்கப் போவது படியைத்தான்.

ஆனாலும் போகலாம் என்றே சொல்வேன், ஏனென்றால் மூடிய குகையின் கதை நமக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. மல்லசந்திரம் குன்றில், பலகைக் கற்களால் எழுப்பிய பழைய ஈமச் சின்னங்களான கற்திட்டைகளுக்குள் வெள்ளை நிறத்தில் தீட்டிய உருவங்கள் இருக்கின்றன. மல்லப்பாடியில் குதிரை வீரர் ஓவியம் இருக்கிறது. இவை திறந்த வெளியில், ஆடு மேய்க்கும் பாதையின் ஓரத்தில் நிற்கின்றன. அங்கே போகும் நம் பிள்ளைகள் கல்லின் மேல் சாய்கிறார்கள், தண்ணீர் தெளித்து ஓவியத்தைத் தெளிவாக்கப் பார்க்கிறார்கள், சிலர் பெயரும் எழுதுகிறார்கள். பக்கத்து ஊர்க் கல்லைத் தொடாதே என்று சொன்னால் அது அதட்டலாகவே கேட்கும். மூச்சுக்காற்றால் ஒரு குகை கெட்டது, அதனால் ஒரு நாடு அதை மூடிவிட்டுப் படியைக் கட்டியது என்று, அந்தப் படிக்குள் நடந்து வந்த ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

போவதற்கு முன் மல்லசந்திரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். நிறம் எது, உருவத்தின் உயரம் என்ன, வரைந்தவர் உட்கார்ந்து வரைந்திருப்பாரா நின்று வரைந்திருப்பாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே கேள்விகளோடு அங்கே நில்லுங்கள்.

22 ஜூன் 2025

பணத்தைப் பற்றி. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

முதல் பயணத்தில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு போனேன். அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்துக்கு அவர்கள் ஒதுக்கிய நேரம், மேல்தளத்தை அடைவதற்குள் முடிந்துவிட்டது. கடைத்தெருவுக்கு அதைவிட அதிக நேரம் இருந்தது. அந்த மேல்தளத்தில்தான் பார்த்தெனானின் சிற்பப் பட்டை, கோயிலின் திசையிலேயே, சுற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. இலண்டனில் இருக்கும் பகுதிகளுக்குப் பதிலாக வெண்சாந்துப் படிகள் வைக்கப்பட்டிருப்பதால், எது இங்கே இருக்கிறது, எது போய்விட்டது என்று பார்த்தவுடன் தெரிகிறது. குழுவை விட்டுப் பிரிந்து, மறுநாள் தனியாகச் சீட்டு வாங்கி மீண்டும் போனேன். அப்படிப்பட்ட குழுப் பயணத்துக்கு அரசு ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. இதில் கிருஷ்ணகிரி ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன்.

அரசு ஏற்கெனவே சிலவற்றைச் செய்கிறது. கனவு ஆசிரியர் விருது பெற்ற பள்ளி ஆசிரியர்களைப் பள்ளிக் கல்வித் துறை 2024-இல் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் அமைப்பின் பள்ளி ஆசிரியர் திட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியரும் விண்ணப்பிக்க இடம் இருந்திருக்கிறது. நான் கேட்பது, நிதி கொடுக்கும்போது நிபந்தனையும் இருக்க வேண்டும் என்பதுதான்: போகுமுன் தன் மாவட்டத்துக் கலைப்பொருள் ஒன்றைப் பற்றி ஆசிரியர் எழுதிய கேள்விகள், போன இடத்தில் மிகச் சில பொருள்களின் முன் நீண்ட நேரம், திரும்பிய பின் பிற ஆசிரியர்களுக்கும் திறந்த ஒரு வகுப்பு.

இந்த முறைக்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 1924-இல் தாகூர் சீனத்துக்கும் சப்பானுக்கும் போனபோது, சாந்திநிகேதன் கலாபவனத்தின் நந்தலால் போசையும் உடன் அழைத்துப் போனார். தூரிகையையும் மையையும் கீழை நாட்டார் கையாளும் முறையை நந்தலால் அங்கே நேரில் பார்த்தார். அந்த அனுபவம் அவர் மாணவர்களின் கைகளுக்கும் வந்தது. ஆசிரியர் ஒருவர் பார்த்தது ஒரு பள்ளியின் பார்வையையே மாற்றியது.

22 ஜூன் 2025, பிற்பகல்

அரசுப் பணியில் இருப்பவர்கள் கவனத்துக்கு: துறையின் தடையின்மைச் சான்றும் பயண அனுமதியும் கிடைக்க மாதங்கள் ஆகலாம், ஆகவே விமானச் சீட்டு வாங்குமுன் விண்ணப்பியுங்கள். கிரேக்கம், இத்தாலி, பிரான்சு ஆகியவற்றுக்குச் செங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அங்கோருக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. மூன்று நாளுக்கும் ஏழு நாளுக்கும் உள்ள வேறுபாடு வெறும் பத்து டாலர் என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

29 ஜூன் 2025

முதல் பயணம் எங்கே என்று பலர் கேட்கிறார்கள். எனக்குப் பணம் ஒருமுறைக்கு மட்டுமே இருந்தால் ஐரோப்பாவைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். இலங்கையையோ கம்போடியாவையோ தேர்ந்தெடுப்பேன்.

பொலன்னறுவையில் 11-ஆம் நூற்றாண்டில் சோழர் எழுப்பிய கற்றளி, இரண்டாம் சிவாலயம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. அந்த நகரில் கிடைத்த செப்புத் திருமேனிகளைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சோழர் கலை கடல் தாண்டியபோது எது மாறாமல் இருந்தது, எது அந்த மண்ணுக்கு ஏற்ப மாறியது என்ற கேள்விக்கு அங்கே நேரடியாக விடை தேடலாம். அதே பயணத்தில் சிகிரியாவின் 5-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை, ஆகவே பார்த்தே ஆக வேண்டும்.

கம்போடியாவில் அங்கோரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். 967-இல் நிறுவப்பட்ட பந்தியாய் ஸ்ரேய் என்னும் சிறிய சிவன் கோயிலின் முகப்பொன்றில் பல கைகளோடு ஆடும் சிவனும், பக்கத்தில் வற்றிய உடலோடு அமர்ந்த பெண்ணுருவமும் இருக்கின்றன. அறிஞர்கள் அவரைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். செந்நிற மணற்கல்லில், அவ்வளவு தொலைவில், அவர் இருப்பதைக் கண்டபோது நான் நெடுநேரம் அங்கிருந்து நகரவில்லை. நம் ஊர்க் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க மாணவர்களை இப்போது அனுப்புகிறேன்; நின்ற கோலத்தில் இருக்கும் அடியார்களிடையே அவர் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பதை அவர்களே வந்து சொல்கிறார்கள்.

இலண்டன் பற்றி ஒரு சொல்: அமராவதிச் சிற்பங்களைப் பார்க்க இலண்டன் போக விரும்புவோர் முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அமராவதியின் பெரும் தொகுப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. அதைப் பார்த்தபின் இலண்டன் தொகுப்பைப் பார்ப்பவர் ஒரு தூபி எப்படி இரண்டு ஊர்களுக்குப் பிரிந்து கிடக்கிறது என்பதை அறிவார். பார்க்காதவர் அழகான பலகைகளை மட்டும் பார்ப்பார்.

30 ஜூன் 2025

குறிப்பேடு பற்றிக் கேட்டவருக்கு: பெரும்பாலான அருங்காட்சியகங்களில் பென்சிலால் வரையலாம், பேனாவும் வண்ணமும் கூடாது. படம் எடுப்பதை விட வரையுங்கள். வரையும்போது கை நின்றுவிடும் இடத்தில்தான் நாம் இன்னும் பார்க்காத ஒன்று இருக்கிறது.

6 ஜூலை 2025

கிருஷ்ணகிரி ஐயா, உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்தேன். ஆசிரியருக்குப் பயன் இருக்கலாம், ஆனால் தேர்வில் இதெல்லாம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வினாத்தாளில் டெக்சிலியோஸ் வர மாட்டார். பல்லவர் கலை வரும், நடுகல் வரும், விசயநகர ஓவியம் வரும். நடுகல்லைப் பற்றி எழுதச் சொன்னால் முன்பு காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று தொல்காப்பிய வரிசையை ஒப்பித்துவிட்டு நின்றுவிடுவார்கள். இப்போது பலர் தாம் பார்த்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, அது எந்தக் கல், உருவம் எவ்வளவு எழுந்து நிற்கிறது, எழுத்து எந்த இடத்தில் தொடங்குகிறது, வீரன் எதைப் பார்க்கிறான் என்று எழுதுகிறார்கள். விடைத்தாள் திருத்தும் எனக்கு அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பணத்தில் மாணவரை அழைத்துச் செல்லலாமே என்ற உங்கள் முதல் கருத்தையும் விடவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன்: ஓர் ஆசிரியரின் வெளிநாட்டுப் பயணத்துக்கு நிதி ஒதுக்கினால், அதே கோப்பில் அவர் வகுப்பு மாவட்டத்துக்குள் பயணம் செய்யப் பேருந்துச் செலவும் ஒதுக்கப்பட வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றைக் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

7 ஜூலை 2025

அந்தக் கோரிக்கையை மனுவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாலக்கோட்டு ஆசிரியை அம்மா பள்ளிகளுக்கான பகுதியை எழுத இசைந்திருக்கிறார். ஓசூர் நண்பர், தம் ஐயங்களை ஒரு பிரிவாகவே சேர்க்க வேண்டும் என்று கேட்டார், சேர்க்கிறோம். தர்மபுரிப் பகுதியில் வரலாறும் ஓவியமும் கற்பிப்பவர்கள், தங்கள் ஊரில் மாணவரை நடத்திக் கூட்டிச் செல்லும் தூரத்தில் உள்ள நடுகல், ஓவியம், கற்திட்டை எது என்பதை ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் இங்கே எழுதுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் மனுவை அனுப்பப் போவதில்லை.